பத்ரகாளி காணாத போர்: பாலக்காட்டுத் தோல்பாவைக் கூத்தும் புராணத்தின் வேலையும்

பாலக்காட்டுப் பக்கம் அறுவடை முடிந்த கையோடு பகவதி காவுகளில், அதாவது அம்மன் கோயில்களில், தோல்பாவைக் கூத்துக்கென்று கட்டிய கூத்துமாடத்தின் கதவு திறக்கும். உள்ளே 21 விளக்குகள், முன்னால் நீளமான ஒரு திரை, திரைக்கு எதிரே பகவதியின் சன்னிதி. திரையில் நடப்பது கம்பராமாயணம். பாட்டெல்லாம் தமிழ்ச் செய்யுள். நடுநடுவே வரும் பேச்சும் தமிழ்தான், மலையாளமும் வடமொழியும் ஊடே கலந்திருக்கும். முன்னிரவில் சிலர் வந்து உட்காருவார்கள். நள்ளிரவு தாண்டினால் பல இடங்களில் பார்க்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஆனாலும் பாவையை ஆட்டிப் பாடும் புலவர்கள் ஒரு பாட்டைக்கூட விடாமல் விடியும்வரை பாடுவார்கள். மறுநாள் இரவு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

ஆளில்லாத இடத்தில் யாருக்காகப் பாடுகிறீர்கள் என்று கேட்டால், பதிலாக ஒரு புராணம் வரும். தாரிகன் என்ற அசுரனின் கொடுமை தாங்காமல் தேவர்கள் சிவனிடம் முறையிட்டார்கள். சிவனின் நெற்றிக்கண்ணிலிருந்து பத்ரகாளி தோன்றினாள். அவள் தாரிகனோடு பொருதுகொண்டிருந்த அதே காலத்தில் இலங்கையில் இராமனும் இராவணனும் போரிட்டார்கள். தாரிகனின் தலையோடு திரும்பியவளுக்கு, அந்தப் போரைப் பார்க்க முடியாமல் போயிற்றே என்ற குறை. அதைத் தீர்க்க, ஆண்டுதோறும் உன் முற்றத்தில் அந்தப் போரை நிழலாகக் காண்பாய் என்று சிவன் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைத்தான் புலவர்கள் இன்றுவரை நிறைவேற்றி வருகிறார்கள்.

கேட்க நான்கு வரிக் கதைதான். ஆனால் புராணம் என்பது ஒரு சமூகத்துக்குள் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. புராணத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே “இது நடந்ததா, நம்பலாமா” என்ற கேள்விதான் முதலில் வரும். கூத்துமாடத்தின் முன்னால் நின்று கேட்கவேண்டியது வேறு: இந்தக் கதை யாரிடம் என்ன வேலை வாங்குகிறது? தாரிகன் கதை ஒரு பார்வையாளரை நியமிக்கிறது. அவள் தூங்குவதில்லை, எழுந்து போவதில்லை. அவளுக்குக் காட்டவேண்டிய கடனை ஊரின் மேல் வைக்கிறது. அந்தக் கடனைத் தீர்க்கத் தோலும் எண்ணெயும் துணியும் நெல்லும் வேண்டும், பாடம் பண்ணிய புலவர்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் யார் தருவது என்ற முறை ஊருக்குள் உருவாகிறது. 1926இல் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, திரோபிரியாண்ட் தீவு மக்களோடு தங்கி ஆராய்ந்ததை வைத்து இதைத்தான் சொன்னார்: புராணம் ஒரு சமூகத்தின் வழக்கங்களுக்கும் உரிமைகளுக்கும் சாசனம். நிலப்பட்டா போல, எடுத்துக் காட்டவேண்டிய நேரத்தில் எடுத்துக் காட்டப்படும் கதை அது.

மாடத்தின் கட்டுமானத்திலேயே அந்தச் சாசனம் தெரியும். முழு அளவுள்ள பழைய கூத்துமாடம் ஏறத்தாழ 42 அடி நீளம் இருக்கும். கோயிலிலிருந்து தள்ளி, சன்னிதியைப் பார்த்தபடி, இந்த ஒரு வேலைக்கென்றே நிரந்தரமாகக் கட்டியிருப்பார்கள். ஊர்ச்சனம் எங்கே உட்காரவேண்டும் என்பது கட்டியவரின் கணக்கில் முதலிடம் பெறவில்லை. தேவியின் பார்வைக்கு மறைப்பு இருக்கக்கூடாது என்பதுதான் முதல் கணக்கு. மனிதர்கள் இடையில் கிடைக்கும் வெளியில் உட்கார்ந்துகொள்ளலாம்.

திரையில் மேல்பாதி வெள்ளைத் துணி, கீழ்ப்பாதி கறுப்பு. மேலே விண்ணும் மண்ணும், கீழே பாதாளம் என்று விளக்கம் சொல்வார்கள். செய்முறையிலும் அந்தக் கறுப்புக்கு வேலை உண்டு: ஆட்டுபவரின் உடலும் கையும் வெளியே தெரியாமல் அது மறைக்கிறது. திரைக்குப் பின்னால் நீண்ட மரச்சட்டத்தில் பாதித் தேங்காய்களை வரிசையாக வைத்து, தேங்காயெண்ணெய் ஊற்றித் திரியிட்டு ஏற்றுகிறார்கள். 42 அடிக்கு 21 விளக்கு என்றால் ஏறக்குறைய இரண்டடிக்கு ஒரு சுடர். இடைவெளி கூடினால் திரையில் இருட்டுப் பட்டைகள் விழும். விளக்குகள் இப்படி நெருங்கி இருப்பதால் இன்னொரு சிக்கல்: பாவையைத் துணியிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்தாலும் ஒவ்வொரு சுடரும் தனித்தனி நிழலைப் போடும், உருவம் கலைந்துவிடும். அதனால் பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடிப்பதுதான் கற்றுக்கொள்ளவேண்டிய முதல் பாடம். அசையாமல் இருக்கவேண்டிய பாத்திரங்களை முள்ளால் துணியில் குத்தி நிறுத்திவிடுவார்கள். பேசுகிற பாத்திரத்தின் கை மட்டும் ஆடும். எண்ணெய் வற்றினால் திரி கருகி ஒரு பக்கம் இருளும். காற்று அடித்தால் 21 சுடரும் ஒரே பக்கம் சாயும், திரையில் இலங்கையே அசைவதுபோல் இருக்கும். அனுபவமுள்ளவர்கள் அந்த அசைவைப் போர்க்களத்துக்குப் பயன்படுத்திக்கொள்வார்கள். தீப்பற்றும் காட்சிக்கும் அம்பு பறக்கும் காட்சிக்கும் பிசின் பொடியைச் சுடரில் வீச, குப்பென்று வெளிச்சம் எழும். மின்விளக்கில் இது எதுவும் நடக்காது. மின்விளக்கின் நிழல் கூர்மையாக இருக்கும், ஆனால் உயிர்த்துடிப்பு இருக்காது.

பாவைகளுக்கு முன்பு மான்தோலைத்தான் பயன்படுத்தினார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் வந்தன. தோலை இழுத்துக் கட்டி வெயிலில் உலர்த்தி, மயிரைச் சுரண்டி எடுத்து, பழைய பாவையை மேலே வைத்து உருவம் வரைந்து வெட்டுவார்கள். பிறகுதான் நுணுக்கமான வேலை: பல வடிவ முனையுள்ள உளிகளால் அணிகலன், கிரீடம், ஆடையின் கரை எல்லாவற்றையும் துளைகளாகவே கொத்தவேண்டும். தோல் மறைக்கும் இடத்தில் இருள், துளை விழுந்த இடத்தில் ஒளி. துளைகள் மிகவும் நெருங்கினால் தோல் கிழியும், தள்ளிப்போனால் நகை நகையாகத் தெரியாது. கடைசியில் மூங்கில் பிளாச்சை நடுவில் வைத்துக் கட்டினால் பாவை நிமிர்ந்து நிற்கும். மழைக்காலத்து ஈரம்தான் இதற்குப் பெரிய எதிரி. மெல்லிய தோல் சுருண்டுகொள்ளும், சுருண்ட பாவை துணியில் ஒட்டாது, ஒட்டாத பாவையின் நிழல் மங்கும். முழுத் தொகுதி என்றால் 160 பாவைகள் வரை, பாத்திரங்கள் 71. இராமனுக்கே நின்றது, உட்கார்ந்தது, நடப்பது, போரிடுவது என்று பல பாவைகள் உண்டு.

கூத்து தொடங்குவதற்கு முன்னால் கோயிலிலிருந்து தீ மாடத்துக்கு வரவேண்டும். சன்னிதி விளக்கிலிருந்து எடுத்த நெருப்பில்தான் மாடத்து விளக்குகளை ஏற்றுகிறார்கள். சாமியாடும் வெளிச்சப்பாடு வந்து தேவியின் வாக்காகப் புலவர்களை வாழ்த்தி உத்தரவு கொடுப்பார். கணபதி வணக்கம் முடிந்ததும் இராமாயணம் உடனே தொடங்காது. பட்டர் என்னும் பிராமணர் உருவப் பாவைகள் முதலில் வரும். அவை குருமார்களை வணங்கும், அன்றைய செலவை ஏற்ற வீட்டாரின் பெயரைச் சொல்லி வாழ்த்தும். நோய் தீரவேண்டும், கல்யாணம் கூடவேண்டும், பிள்ளை பிறக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்களின் பெயர்களும் அங்கே ஒலிக்கும். தேவி இராமாயணம் பார்க்கிற வேளையில் இந்தக் குடும்பங்களின் பெயரும் அவள் காதில் விழுகிறது. கதை கேட்க யாரும் வராத ஊரிலும் நேர்த்திக்கடன் குறையாததற்கு இதுதான் காரணம். நாகபாசத்தில் கட்டுண்டவர்களை மீட்கக் கருடன் வந்து இராமனைத் துதிக்கும் பாட்டுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. கருடப்பத்து என்று சொல்லி அதற்கென்றே காணிக்கை கட்டுவார்கள். கடைசி இரவின் பட்டாபிஷேகத்துக்கும் கூட்டம் வரும்.

எத்தனை இரவு நடத்துவது என்பது காவுக்குக் காவு மாறும்: 7, 14, 21, 41, 71. ஷொர்ணூர் அருகே கவளப்பாறை ஆரியங்காவில் 21 இரவு. இரவுகள் குறைந்தால் யுத்த காண்டமே பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். தேவி காணாமல் விட்டது போர், ஆகவே எதைச் சுருக்கினாலும் போரைச் சுருக்க முடியாது. 21 இரவுக் கூத்துகள் பெரும்பாலும் பஞ்சவடியில் தொடங்குகின்றன. இராமன் பிறந்ததும் சீதையை மணந்ததும் மற்ற மேடைகளில் பெரிய காட்சிகள். இங்கே அவை விடப்படுவதற்குக் காரணம் தாரிகன் கதையின் தர்க்கம்.

ஏன் கம்பன் என்று மலையாள வாசகருக்கும் தமிழ் வாசகருக்கும் ஒரே வியப்பு வரும். மலையாளத்துக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தச்சனின் அத்யாத்ம இராமாயணம் வந்துவிட்டது. கர்க்கடக (ஆடி) மாதத்தில் வீடுதோறும் அதைத்தான் வாசிக்கிறார்கள். எழுத்தச்சனின் குருமடம் இருப்பதும் இதே பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூரில், சோகநாசினி ஆற்றங்கரையில். அப்படியும் கூத்துமாடத்துக்குள் கம்பன் அசையவில்லை. விடையின் ஒரு பகுதி மலையில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய்தான் பெரிய திறப்பு. கொங்கு நாட்டிலிருந்து வணிகரும் நெசவாளரும் உழவரும் அதன் வழியாக வந்து குடியேறினார்கள். கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, முதலமடை பக்கத்தில் இன்றும் தமிழே வீட்டுமொழி. கொச்சியைச் சேர்ந்திருந்த சித்தூர்ப் பகுதி தவிர, 1956 வரை இந்த மாவட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாகாணத்து மலபாரில்தான் இருந்தது. பாவைக்கூத்துக் குடும்பங்களில் தமிழ் வேர் கொண்ட வெள்ளாளச் செட்டிகள் முக்கியமானவர்கள். பாலக்காட்டுச் சின்னத்தம்பி வாத்தியார்தான் கூத்துக்கான பாடத்தை வகுத்தார் என்று மரபு சொல்கிறது. பிராமணர் வீட்டில் இராமாயணம் வாசிக்கும்போது ஒதுங்கி நின்று கேட்ட சிறுவனை விரட்டினார்கள், அவன் வளர்ந்து எல்லோரும் கேட்கும்படி அதைக் காவுகளில் பாட வைத்தான் என்பது கதை. இதுவும் ஒரு சாசனம்தான். இராமாயணத்தைச் சொல்லும் உரிமை எங்களுக்கு எப்படி வந்தது என்று புலவர்கள் காட்டும் பத்திரம் இது.

விடையின் மறுபகுதி கம்பனின் செய்யுள் அமைப்பில் இருக்கிறது. புலவர்கள் ஒரு பாட்டைப் பாடுவார்கள், பிறகு அதைப் பிரித்துப் பேசுவார்கள். ஒருவர் ஒரு பாத்திரமாகப் பேச, எதிரே இன்னொருவர் மற்றொரு பாத்திரமாக நிற்பார். தம் முறை வரும்வரை நீண்ட ஒரு “ஆ” ஒலியால் கேட்டுக்கொண்டிருப்பதைக் காட்டுவார். ஒரு நான்கடிப் பாட்டு அரைமணி நேரப் பேச்சாக விரியலாம். வாலி வதையில் “வாலியைப் படுத்தாய் அலை, மன் அற வேலியைப் படுத்தாய்” என்று வாலி இராமனிடம் சொல்கிறான். நீ வீழ்த்தியது என்னை இல்லை, அறத்துக்கு வேலியாக நிற்கவேண்டிய அரச நீதியை. இப்படி ஒரு வரி கிடைத்தால் புலவர்கள் விடமாட்டார்கள். மறைந்து நின்று எய்யலாமா, குரங்குக்கு மனித நீதி பொருந்துமா, தம்பி மனைவியைக் கவர்ந்தவனுக்கு நியாயம் கேட்க உரிமை உண்டா என்று வழக்கு நடக்கும். இடையே இலக்கணம் வரும், சோதிடம் வரும், மருந்து வரும். கேட்பவள் அவசரப்படாதவள். கைதட்டலுக்காக வெட்டவேண்டிய தேவை இல்லாததால்தான் இந்த வழக்காடல் இத்தனை காலம் முழுசாகப் பிழைத்தது என்பது எங்கள் துணிபு.

கம்பனில் இல்லாத கதைகளும் உள்ளே வரும். பஞ்சவடியில் சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் தவத்தில் இருக்கிறான். இலட்சுமணன் அறியாமல் அவனை வெட்டிவிடுகிறான். சூர்ப்பணகை இராமனிடம் வரும்போது மகனை இழந்த தாயாகவும் வருகிறாள். சமணர்களின் இராமாயணமான பௌமசரியத்திலும் இந்த மகன் உண்டு. ஒரே சம்பவத்தைச் சேர்த்ததில் போரின் முதல் குற்றம் யாருடையது என்ற கேள்வி திசை மாறிவிடுகிறது. இதைப் பாடபேதம் என்று தள்ளுவது பெரும் பிழை. ஒரு புராணத்தின் எல்லா வடிவங்களும் சேர்ந்ததே அந்தப் புராணம் என்று மானிடவியலாளர் லெவி ஸ்திராஸ் 1955இல் எழுதினார். மூலம் எது, திரிபு எது என்று சல்லடை போடுகிறவர்கள், ஒரு சமூகம் எந்த இடத்தில் மனம் பொறுக்காமல் கதையைத் திருத்தியது என்ற அரிய தகவலைச் சல்லடைக்குக் கீழே கொட்டிவிடுகிறார்கள்.

இதற்குக் கண்ணகியைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சிலப்பதிகாரத்தில் தவறு செய்துவிட்டோம் என்று தெரிந்த கணத்திலேயே பாண்டியன் தானே உயிர் விடுகிறான். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் கோயில்களில் பாடும் தோற்றம் பாட்டுகளில், தேவியாகிவிட்ட கண்ணகியே பாண்டியனைக் கொல்கிறாள். திருவனந்தபுரம் ஆற்றுகாலில் பொங்கல் அடுப்பு மூட்டும் நேரம் அந்தப் பாட்டோடு கட்டப்பட்டிருக்கிறது: பாண்டியன் வதம் பாடி முடிந்த பிறகே கோயிலின் முதன்மை அடுப்பான பண்டார அடுப்பில் தீ வைக்கிறார்கள். அதன் பிறகே நகரத் தெருக்களில் காத்திருக்கும் பெண்கள் தங்கள் அடுப்பை மூட்டலாம். ஒரு புராணத்தின் ஓர் அடி, இலட்சக்கணக்கான அடுப்புகளுக்குக் கடிகாரமாக நிற்கிறது. குமுளிக்கு மேலே கண்ணகிக்குரிய மங்கலதேவி கோட்டத்தில், புலிகள் காப்பகத்தின் நடுவே, சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் இரு மாநில அரசுகளும் சேர்ந்து பாதை திறந்துவிடுகின்றன. தேனிக்காரரும் இடுக்கிக்காரரும் ஒரே மலையில் ஏறுகிறார்கள்.

எல்லைப்பகுதிப் புராணம் எப்போதும் உறவையே பேசும் என்று நினைக்கவேண்டாம். சித்தூர் பகவதி கோயிலில் கும்ப (மாசி) மாதத்தில் நடக்கும் கொங்கன் படை என்ற திருவிழாவில், படையெடுத்து வருபவன் கொங்கு நாட்டு அரசன். பகவதி அவனை வீழ்த்துகிறாள். ஊரே இரு தரப்பாகப் பிரிந்து அந்தப் போரை நடிக்கிறது. கணவாய் வழியாக வந்த வணிகன் இராமாயணத்தைக் கொண்டுவந்தான், அதே கணவாய் வழியாகப் படையும் வந்தது. எல்லை ஊரின் நினைவில் இரண்டும் இருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே பகவதி சாட்சி. எது சரித்திரம் என்று தேடுவதும் வேண்டிய வேலைதான். ஆனால் அதற்குக் கல்வெட்டும் ஆவணமும் வேண்டும், திருவிழாவை மட்டும் வைத்துப் போர் நடந்த ஆண்டைக் கணிக்கக்கூடாது. அப்படிக் கணித்து எழுதப்பட்ட ஊர் வரலாறுகள் ஏராளம், நம்பகமானவை குறைவு.

இப்போது கூத்துக்கு வருவோம். கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் பாவைகளைக் காவின் மாடத்திலிருந்து வெளி மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. காந்தி கதையும் விழிப்புணர்வுக் கதைகளும் பாவையாகின. கூத்துமாடத்துக்குள் நுழைய முடியாதிருந்த பெண்கள் தனிக் குழு அமைத்து ஆடுகிறார்கள். இவை வரவேற்கவேண்டிய மாற்றங்கள். ஒரு மணி நேர மேடைக் கூத்தால்தான் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. பாவை வெட்டுவதும் ஆட்டுவதும் அதனால் பிழைத்துவிடும்.

பிழைக்குமா என்று அஞ்சவேண்டியது பேச்சுப் பகுதியை. ஒரு மணி நேரத்தில் பாட்டுக்கு இடம் உண்டு, வழக்காடலுக்கு இடம் இல்லை. அதைக் கற்கப் பல ஆண்டு பிடிக்கும். பாட்டு மனப்பாடமாகவேண்டும், பதம் பிரிக்கத் தெரியவேண்டும், எதிரே நிற்பவர் எங்கே மடக்குவார் என்று தெரியவேண்டும். மலையாள வழியில் படித்த இளைஞருக்குக் கம்பனின் சொற்கள் ஒலியாக மட்டும் தங்குகின்றன. ஒலி மட்டும் தங்கினால் சீர் மாறும், சீர் மாறினால் பதம் தவறாகப் பிரியும், பிறகு அந்தத் தவறான பதத்துக்கே ஓர் உரை பிறக்கும். ஓலைச்சுவடியிலும் கையெழுத்து நோட்டிலும் பாட்டுகள் இருக்கின்றன. உரை பெரும்பாலும் நாவிலேயே இருக்கிறது. ஒலிப்பதிவு செய்ய வருகிறவர்கள் கருடப்பத்தையும் பட்டாபிஷேகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எடுக்கவேண்டியது இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை, சாம்பவானும் அங்கதனும் ஒரே பாட்டின் மேல் அமர்ந்து பேசும் அந்தப் பகுதியை, ஒரே காவில் அடுத்தடுத்த ஆண்டுகளில், வெவ்வேறு புலவர்களிடமிருந்து. தமிழ் யாப்பு தெரிந்த ஒருவர் உடனிருந்து பாட்டைக் கம்பன் பதிப்போடு ஒப்பிட்டு, கம்பனில் இல்லாதவற்றைத் தனியே குறித்து வைக்கவேண்டும்; திருத்தக்கூடாது. கோவையிலிருந்து ஷொர்ணூருக்கு இரயிலில் சில மணி நேரம்தான். தையிலிருந்து வைகாசி வரை ஏதாவது ஒரு காவில் விளக்கு எரியும். போகிறவர்கள் தொடக்க இரவையும் கடைசி இரவையும் விட்டு, நடுவில் ஓர் இரவைத் தேர்ந்தெடுத்துக் கம்பன் நூலைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரலாம். புலவர்களிடம் முன்கூட்டியே சொன்னால் அன்று பாடப்போகும் படலத்தைச் சொல்லிவிடுவார்கள்.